குரோம்பேட்டை வீடும் 8 சதவீதமும்: வாடகை பார்த்துக்கொள்ளும் நிறுவனத்தோடு 14 மாதம்

மாதம் 3,351 ரூபாய் 20 காசு. சென்னை குரோம்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டின் மூன்று போர்ஷன்களையும் பார்த்துக்கொள்ள ஒரு நிறுவனத்துக்கு நான் கொடுக்க ஆரம்பித்த தொகை இது. மூன்று வாடகையும் சேர்த்து 35,500. அதில் 8 சதவீதம் 2,840. அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 511 ரூபாய் 20 காசு. 31 வருடம் தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள் நான். காசை விட்டுவிட்டு எழுதினால் எனக்குத் தூக்கம் வராது.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சில இடத்தில் குறை சொல்லியிருக்கிறேன், அதற்காக அந்தப் பிள்ளைகளின் வேலைக்கு உலை வைக்க விருப்பமில்லை. அதோடு, சேர்வதற்கு முன் இதே வேலையைச் செய்யும் இன்னும் இரண்டு நிறுவனங்களின் ஒப்பந்தத்தையும் வாங்கிப் படித்தேன். லோகோவைத் தவிர பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே நீங்கள் எந்தக் கடையில் ஏறினாலும் நான் சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

வீடு 1994இல் கட்டியது. கீழே இரண்டு படுக்கையறை போர்ஷன், மாடியில் அதே அளவில் ஒன்று, பின்பக்கம் ஒரு அறையும் சமையலறையும் கொண்ட சின்ன போர்ஷன். என் வீட்டுக்காரர் இருந்தவரை குடித்தனக்காரர் விவகாரம் முழுக்க அவர் கையில். ஒரு டைரி வைத்திருப்பார். யார் எப்போது வந்தார்கள், எவ்வளவு அட்வான்ஸ், எந்தக் குழாய் எப்போது மாற்றியது எல்லாம் அதில் இருக்கும். அவர் 2021இல் போன பிறகு நான் கீழ் போர்ஷனிலேயே இருந்து பார்த்துக்கொண்டேன். முழங்கால் மக்கர் செய்யவே மகள் கோயம்புத்தூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். கீழ் போர்ஷனையும் வாடகைக்கு விட்டோம். அப்புறம் ஆரம்பித்தது தொல்லை. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் உட்கார்ந்துகொண்டு குரோம்பேட்டைத் தண்ணீர்த் தொட்டியை நிரப்ப முடியுமா? ராத்திரி ஒன்பது மணிக்கு "மேடம், தண்ணி வரல" என்று போன் வந்தால் நான் பிளம்பருக்குப் போன் செய்வேன், பிளம்பர் எடுக்க மாட்டார், எதிர்வீட்டு அம்மாவுக்குப் போன் செய்வேன், அவர்கள் எடுத்துவிட்டு வருத்தப்படுவார்கள். ஆறு மாதம் இப்படிப் போனது. "ஆளைப் போடும்மா" என்றாள் மகள். போட்டேன்.

முதல் பாடம் ஒப்பந்தத்திலேயே வந்துவிட்டது. 14 பக்கம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மட்டும் மஞ்சள் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். நான் மஞ்சள் ஒட்டாத பக்கங்களைப் படித்தேன். மூன்று இடத்தில் நிறுத்தினேன்.

ஒன்று, சேவைக் கட்டணம் "ஒப்பந்த வாடகையில் 8 சதவீதம்" என்று இருந்தது. அப்படியென்றால் வீடு காலியாகக் கிடந்தாலும் 8 சதவீதம் போகும். வீட்டை நிரப்பிக் கொடுப்பதுதான் அவர்கள் வேலை. நிரப்பாததற்கும் கூலியா? "வசூலான வாடகையில்" என்று மாற்றச் சொன்னேன். இரண்டு நாள் இழுத்துவிட்டு மாற்றினார்கள். கேட்டால் மாற்றுகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, குடித்தனக்காரரின் அட்வான்ஸ் அவர்கள் கணக்கில் இருக்குமாம், காலி செய்யும்போது அவர்களே கொடுத்துவிடுவார்களாம். இதற்கு நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. அந்தப் பணம் எனக்கும் சொந்தமில்லை, அவர்களுக்கும் சொந்தமில்லை, குடியிருப்பவருடையது. நாளை நிறுவனம் ஷட்டரை இழுத்துவிட்டால் குடித்தனக்காரர் என் வாசலில்தான் வந்து நிற்பார். நிற்கவும் வேண்டும், சாவி கொடுத்தது என் பெயரில். அட்வான்ஸ் என் கணக்குக்கே வர வேண்டும் என்று எழுதி வாங்கினேன்.

இங்கே ஒரு கிளைக்கதை. 1998இல் என் வீட்டுக்காரர் மாடி போர்ஷனுக்குப் பத்து மாத அட்வான்ஸ் வாங்கினார், அன்று சென்னையில் அதுதான் வழக்கம். வாங்கிய கையோடு மொட்டை மாடிக்குத் தட்டோடு பதித்துவிட்டார். ஒன்றரை வருடத்தில் அவர்களுக்கு மாற்றல் வந்து காலி செய்கிறோம் என்றபோது என் வளையல் அடகுக் கடைக்குப் போனது. அட்வான்ஸ் வாங்கினால் அதைத் தனிக் கணக்கில் போட்டுத் தொடாமல் இருங்கள். நான் தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கு ஒன்றை அதற்கென்றே வைத்திருக்கிறேன். வட்டி 4 சதவீதம்தான். ஓராண்டு டெபாசிட்டில் போட்டால் இன்னும் கிடைக்கும்தான், ஆனால் ஆறு மாதத்துக்கு முன்னால் எடுக்க முடியாது. குடித்தனக்காரர் அந்த ஆறு மாதத்துக்குள்தான் காலி செய்வார், என் ராசி அப்படி. இப்போது சட்டமும் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது, வேறு விதமாக எழுதிக்கொண்டால் தவிர. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. நான் மூன்று மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். குறைவாக வாங்கினால் குறைவாகத் திருப்பினால் போதும்.

மூன்றாவது, 2,000 ரூபாய்க்குள் வரும் ரிப்பேர்களை என்னைக் கேட்காமலே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்வார்கள். நியாயம்தானே என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு. விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டை ஏற்றுக்கொண்ட அன்று இரண்டு பையன்கள் வந்து மூன்று மணி நேரம் படம் எடுத்தார்கள். 140க்கும் மேல். ஒவ்வொரு சுவிட்ச் போர்டு, ஒவ்வொரு கதவுக் கொண்டி, சமையலறைக் கடப்பாக் கல்லில் இருந்த பழைய விரிசல், வாஷ்பேசின் ஓரத்தில் பெயர்ந்த இடம், இ.பி. மீட்டர் ரீடிங், மேல்தொட்டியின் மூடி. தேதியோடு ஒரு கோப்பாகச் செய்து எனக்கும் குடித்தனக்காரருக்கும் அனுப்பினார்கள். என் வீட்டுக்காரரின் டைரியில் 27 வருடமாக இல்லாத ஒன்று இது. இதை நீங்கள் எந்த நிறுவனத்துக்கும் காசு கொடுக்காமல் உங்கள் போனிலேயே செய்யலாம். குடித்தனம் வரும் நாளில், சாமான் இறக்குவதற்கு முன்னால், அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும். பால் காய்ச்சிய பிறகு எடுக்கும் படம் பாதிக்குத்தான் உதவும்.

அந்தப் பையன்களில் ஒருவன் இன்னொன்றையும் கண்டுபிடித்தான். தண்ணீர் மோட்டாரும் மாடிப்படி விளக்கும் கீழ் போர்ஷன் மீட்டரில் ஓடிக்கொண்டிருந்தன. நாங்கள் கீழே இருந்தவரை அது தெரியவில்லை, நம் மீட்டர், நாம் கட்டினோம். இப்போது வாடகைக்கு வந்தவர் மூன்று குடும்பத்துக்கும் சேர்த்துத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், அதற்கு மேல் போகப் போக யூனிட்டுக்கு விலை ஏறும். மோட்டாரால் அவர்கள் கணக்கு மேல் படிக்குப் போய்விடுகிறது. அந்தப் பெண் எட்டு மாதமாக முணுமுணுத்ததன் காரணம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. மோட்டார் லைனில் ஒரு சப்-மீட்டர் போட்டு, அந்த யூனிட்டை மூன்றாகப் பங்கிட்டு, கீழ் போர்ஷனுக்கு மற்ற இருவரும் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. செலவு 1,200. எட்டு மாத முணுமுணுப்பை 1,200 ரூபாயில் தீர்த்தார்கள் என்று எழுத எனக்குத் தயக்கமில்லை.

வாடகை வசூலும் ஒழுங்கு. 5ஆம் தேதிக்குள் வசூல், 7ஆம் தேதி என் கணக்கில், கூடவே ஒரு ரசீது. குடித்தனக்காரருக்கும் ரசீது தானாகப் போய்விடும். ஆபீசில் வீட்டு வாடகைப் படிக்குக் காட்ட அவர்களுக்கு அது வேண்டும். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுச் சொந்தக்காரரின் பான் எண்ணையும் கேட்பார்கள். பான் கொடுக்க மாட்டேன் என்று முறுக்கிக்கொள்ளும் வீட்டுக்காரர்களை எனக்குத் தெரியும். வருமானத்தைக் காட்டித்தான் தீர வேண்டும், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? வாடகை வருமானத்தில் சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தை வரித்துறையே கழித்துக்கொள்ள விடுகிறது, நீங்கள் ரிப்பேர் செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும். ஆனால் இந்த நிறுவனத்துக்குக் கொடுக்கும் கட்டணத்தை அதற்கு மேல் தனியாகக் கழிக்க முடியாது, எல்லாம் அந்த 30க்குள் அடங்கியது. விற்பனை செய்ய வந்த பெண் "டாக்ஸ்ல கிளெய்ம் பண்ணிக்கலாம் மேடம்" என்றாள். பண்ண முடியாது, கண்ணு.

இப்போது வாடகை ஒப்பந்தம். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. கீழ் போர்ஷனுக்குப் புதிதாக எழுதி அனுப்பினார்கள், அச்சு அசல் வக்கீல் பாஷை, 22 பக்கம். 17ஆம் பக்கத்தில் கர்நாடக வாடகைச் சட்டப்படி என்று இருந்தது. இன்னும் இரண்டு பக்கம் தள்ளி, வழக்கு வந்தால் பெங்களூரு நீதிமன்றத்தில். குரோம்பேட்டை வீட்டுக்கு! போன் செய்து கேட்டேன். "டெம்ப்ளேட் மேடம், மாத்திடறோம்" என்றார்கள். எனக்கு முன்னால் எத்தனை பேர் அந்த டெம்ப்ளேட்டில் கையெழுத்துப் போட்டார்களோ.

தமிழ்நாட்டில் 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எந்த வாடகையானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். "11 மாதம்தானே, பதிவு எதற்கு?" என்பது பழைய நினைப்பு. ஒரு வருடத்துக்கு மேல் போனால் சார்பதிவாளர் ஆபீசுக்குப் போக வேண்டும் என்பதால்தான் எல்லோரும் 11 மாதம் எழுதுகிறோம். அது வேறு சட்டம், இது வேறு. இந்தப் பதிவை அரசின் இணையதளத்திலேயே செய்யலாம். இரு தரப்பு அடையாளச் சான்றும், ஒப்பந்த நகலும், வீடு உங்களுடையது என்பதற்கு ஆதாரமும் வேண்டும். பதிந்ததும் ஒரு எண் கொடுக்கிறார்கள். நிறுவனம் இதைச் செய்துகொடுத்தது, தனிக் கட்டணம் வாங்கவில்லை. ஒரே சிக்கல், என் சொத்து வரி ரசீது பல்லாவரம் நகராட்சி காலத்துப் பழையது. இப்போது நாங்கள் தாம்பரம் மாநகராட்சி. புது ரசீதை எடுத்துத் தர ஒரு வாரம் ஆனது. அது அவர்கள் தப்பில்லை, என் சோம்பேறித்தனம்.

என் வீட்டுக்காரர் 20 ரூபாய் பத்திரத்தில் ஒரு பக்கம் எழுதி, கீழே இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, பீரோவில் வைத்துவிடுவார். அதில் தீராத சண்டை எதுவும் இந்த 22 பக்கத்திலும் தீரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் யார் எந்த ரிப்பேர் செய்வது என்ற பட்டியலைச் சேர்த்திருந்தார்கள். அது உபயோகம். சட்டத்தின் கடைசியில் ஒரு அட்டவணை இருக்கிறது. சுவர், கூரை போன்ற கட்டுமான ரிப்பேர், வெள்ளையடிப்பு, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுச் சொந்தக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு எல்லாம் குடியிருப்பவர். குளியல் தொட்டி ரிப்பேரும் குடியிருப்பவர் என்று போட்டிருக்கிறது. எங்கள் பாத்ரூமில் ஒரு பக்கெட் வைத்தால் ஆள் வெளியே நிற்க வேண்டும்.

அந்த அட்டவணையை வைத்தே அடுத்த பிரச்சினைக்கு வரலாம். ஒவ்வொரு மாதமும் ரிப்பேர் என்று ஏதோ ஒன்று கழிந்துகொண்டிருந்தது. 1,850. 1,900. 1,950. நான்காவது மாதம் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஒன்றுகூட 2,000ஐத் தாண்டவில்லை, ஒன்றுகூட 1,800க்குக் கீழே இல்லை. குழாய்களுக்கு இவ்வளவு கணக்குத் தெரியுமா? அதில் இரண்டு, குடியிருப்பவர் மாற்ற வேண்டிய குழாய் வாஷர். ஒன்று, மோட்டார் ஓடவில்லை என்று 1,900. என்ன மாற்றினீர்கள் என்று கேட்டேன். "கண்டென்சர்." கண்டென்சர் எலக்ட்ரிகல் கடையில் 300 ரூபாய்க்குள் முடிந்துவிடும். மீதி? "விசிட் சார்ஜ், சர்வீஸ் சார்ஜ், மெட்டீரியல் ஹேண்ட்லிங்." கண்டென்சரைக் கையாள மூன்று பேர் வந்தார்களோ என்னவோ.

சண்டை போடவில்லை. மெயில் எழுதினேன். இனி கேட்காமல் செய்யும் ரிப்பேருக்கு வரம்பு 500. அதற்கு மேல் என்றால் செய்வதற்கு முன் ஒரு படம், செய்த பின் ஒரு படம், கழற்றிய பழைய பொருள் வீட்டிலேயே இருக்க வேண்டும், கடை பில் தனி, கூலி தனி. அடுத்த பத்து மாதத்தில் மொத்த ரிப்பேர் செலவு 4,300. அதில் 2,600 மேல்தொட்டி மிதவை வால்வும் அதன் பைப்பும், நியாயமான வேலை. பழைய பொருளை வீட்டில் வைத்துவிட்டுப் போ என்ற ஒரு வரிக்கு இவ்வளவு சக்தி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இனி நான் கோபப்பட்ட விஷயம்.

பின் போர்ஷனில் இருப்பவர் தையல்காரர். 2005 முதல் இருக்கிறார். அந்த அறையிலேயே மெஷின், அதிலேயே படுக்கை. பாய் என்றுதான் தெருவில் எல்லோருக்கும் பழக்கம். வாடகை 4,500. அந்தப் பக்கம் இன்று 7,500க்குப் போகும், எனக்குத் தெரியும். ஆனால் இந்த வருடங்களில் ஒரு மாதம்கூட அவர் வாடகை தவறியதில்லை. ஒரே ஒரு விஷயம், 10ஆம் தேதிதான் கொடுப்பார். அவருக்குத் துணி கொடுப்பவர்கள் சம்பளம் வாங்கி, கூலி கொடுத்து, அது அவர் கைக்கு வர அவ்வளவு நாள் ஆகும். என் வீட்டுக்காரர் டைரியில் "பாய் - 10" என்றே எழுதியிருக்கும். 2015 டிசம்பர் மழையில் தெருவில் தண்ணீர் நின்றபோது எங்கள் அரிசி மூட்டையையும் கேஸ் சிலிண்டரையும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனது அவர்.

நிறுவனத்தில் சேர்ந்த ஐந்தாவது மாதம், 6ஆம் தேதி காலை, அவரிடமிருந்து போன். "அம்மா, என்னமோ இங்கிலீஷ்ல மெசேஜ் வந்திருக்கு. பக்கத்துக் கடைத் தம்பி படிச்சான். நாளுக்கு ஐம்பது ரூபா ஃபைனாம். காலி பண்ணணும்னும் போட்டிருக்காம். நான் எதுனா தப்பு பண்ணிட்டேனாம்மா?" என் காதில் இன்னும் அந்தக் கேள்வி இருக்கிறது. எழுபதைத் தொடும் மனிதர்.

நிறுவனத்தைக் கூப்பிட்டேன். அது சிஸ்டம் தானாக அனுப்பும் மெசேஜாம். 5ஆம் தேதி தாண்டினால் எல்லோருக்கும் போகுமாம். முதல் நான்கு மாதம் அங்கே இருந்த பையன் ஒருவன் பாய் விஷயம் தெரிந்து அதை நிறுத்தி வைத்திருக்கிறான், அவன் வேலையை விட்டுப் போனதும் சிஸ்டம் தன் வேலையைக் காட்டிவிட்டது. புதிதாக வந்தவர் என்னிடம் யோசனை வேறு சொன்னார்: "அந்த யூனிட்ல ரெண்டாயிரம் மூவாயிரம் லாஸ் மேடம். ஒரு ரெண்டு நாள் மோட்டார் போடாம விட்டா தானா காலி பண்ணிடுவாங்க." தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தி ஒருவரைக் கிளப்புவது சட்டப்படியே தப்பு. இரண்டு மாத வாடகை பாக்கி என்றால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம், அதுதான் வழி. பாக்கியே இல்லாத மனிதருக்கு எந்த வழியும் தேவையில்லை. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அப்புறம் சட்டம் இல்லாத பாஷையிலும் கொஞ்சம் சொன்னேன்.

அன்றே பின் போர்ஷனை அவர்கள் கையிலிருந்து எடுத்துவிட்டேன். பாய் இப்போது எனக்கே அனுப்புகிறார், கடைத் தம்பி போனில் இருந்து. 10ஆம் தேதி. அவருடைய ஒப்பந்தத்தையும் எழுதிப் பதிந்தாகிவிட்டது. வருடத்துக்கு 200 ரூபாய் ஏற்றம் என்று நாங்கள் பேசிக்கொண்டதும் அதில் இருக்கிறது.

நீங்களும் இதே மாதிரி ஒரு நிறுவனத்தை வைக்கப் போகிறீர்கள் என்றால், உங்கள் பழைய குடித்தனக்காரர்களிடம் முதலில் நீங்களே பேசிவிடுங்கள். எந்தத் தேதியில் கொடுப்பார்கள், எந்த மொழியில் மெசேஜ் போக வேண்டும், உங்களைக் கேட்காமல் என்னவெல்லாம் அனுப்பக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். விற்க வந்த பெண் இதைப் பற்றி வாயே திறக்க மாட்டாள்.

மாடி போர்ஷன் ஆறாவது மாதம் காலியானது. புதுக் குடித்தனம் பிடித்துக் கொடுக்க அரை மாத வாடகை. தெரு முனைப் புரோக்கர் ஒரு மாத வாடகை கேட்பார், ஆகவே இது லாபம்தான். வருபவர் பற்றி நிரப்பும் படிவத்தில் "சைவம்/அசைவம்" என்று ஒரு கட்டம். எதைப் போடட்டும் என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் டு-லெட் போர்டில் "சைவம் மட்டும்" என்று எழுதித்தான் தொங்கவிடுவார். பின்னால் பாய் இருக்க, முன்னால் இந்த போர்டு. அதை அவரிடம் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, பாய் தைத்த ரவிக்கையைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டத்தை வெறுமனே விடச் சொன்னேன். கொள்கைக்காக மட்டும் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். அந்த போர்டு ஒரு முறை இரண்டரை மாதம் தொங்கிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது.

45 நாள் கழித்து மூன்று பையன்கள் வந்தார்கள், வாடகை 16,500. "குடும்பம்தான் வேணும்னு சொல்லலியே மேடம்?" என்று நிறுவனமே இழுத்தது. ஆபீஸ் அடையாள அட்டை, ஆதார், முந்தைய வீட்டுக்காரரின் போன் நம்பர் எல்லாம் வாங்கி, காவல் நிலையத்திலும் விவரம் கொடுத்திருந்தார்கள். அந்த முந்தைய வீட்டுக்காரரை நானே கூப்பிட்டுப் பேசினேன். இதை மட்டும் யாரிடமும் விடாதீர்கள். நான் ஒரே கேள்வி கேட்டேன், "மறுபடி வந்தா வீடு குடுப்பீங்களா?" அவர் யோசிக்காமல் "குடுப்பேன், ஆனா பைக்கை வாசல்ல நிறுத்துவானுங்க" என்றார். சரி, வாசலில் பைக் நிற்கிறது. 1ஆம் தேதி காலையில் வாடகை வருகிறது.

பழைய மாடிக் குடித்தனம் காலி செய்தபோதுதான் 140 படங்களின் அருமை தெரிந்தது. வாஷ்பேசின் உடைசல் யாருடையது என்று நின்ற பேச்சு, படத்தைக் காட்டியதும் பத்து நிமிடத்தில் முடிந்தது. அது முன்னாலேயே இருந்த உடைசல், அதாவது என்னுடையது. கடைசி இ.பி. ரீடிங்கையும் எடுத்து, இன்னும் பில் வராத யூனிட்டுக்குக் கணக்குப் போட்டுக் கழித்தார்கள். நானாக இருந்தால் மறந்திருப்பேன், ஒரு முறை மறந்து 1,400 கட்டியிருக்கிறேன். ஆனால் கூடவே பெயின்டிங் என்று ஒரு மாத வாடகை 15,000ஐயும் அட்வான்ஸில் கழிக்கச் சொல்லிக் கணக்கு அனுப்பினார்கள். சென்னையில் எல்லோரும் செய்கிறார்கள், தெரியும். நாங்களும் செய்திருக்கிறோம். ஆனால் அவர்கள் சொந்த ஒப்பந்தத்தின் பட்டியலிலேயே வெள்ளையடிப்பு வீட்டுச் சொந்தக்காரர் பொறுப்பு என்று இருக்கிறதே? சுவரில் குழந்தை கிரேயானால் கிறுக்கிய ஒரு பக்கத்துக்கு மட்டும் 1,500 என்று காலி செய்த பெண்ணிடமே பேசி முடித்து, மீதியை என் கணக்கிலிருந்து அனுப்பினேன். அட்வான்ஸ் என்னிடம் இருந்ததால் முடிந்தது.

இன்னொரு சின்னக் குறை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வீட்டைச் சுற்றிப் பார்க்க ஆள் வருவார் என்பது ஒப்பந்தம். ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்குச் சொல்லாமல் வந்து நின்றான் ஒருவன். கீழ் வீட்டுப் பெண் கதவைத் திறக்கவில்லை, சரியாகத்தான் செய்தாள். வீட்டுக்காரரே போனாலும் 24 மணி நேரத்துக்கு முன் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு வருகிறார்கள்.

கீழ் போர்ஷனுக்கு 11 மாதம் முடிந்தபோது 10 சதவீதம் ஏற்றச் சொன்னது நிறுவனம், 1,600 ரூபாய். நான் 500 என்றேன். ஏன் மேடம் என்றார்கள். கணக்கு இதுதான். கூடுதலாகக் கிடைக்கும் 1,100ஐ 11 மாதத்துக்குப் பெருக்கினால் 12,100. இவர்கள் போய்விட்டால் ஒரு மாதம் காலி 16,000, ஆள் பிடிக்க 8,000, அதற்கு ஜி.எஸ்.டி., வெள்ளையடிப்பு தனி. ஆள் மாறினால் நிறுவனத்துக்கு 8,000 வரும், எனக்குப் போகும். ஏற்றம் பற்றி அவர்கள் சொல்லும் யோசனையைக் கேட்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை, அவர்கள் பை வேறு பக்கம் தைத்திருக்கிறது.

யாருக்கு இது சரிப்படும்? வீடு இருக்கும் ஊரிலேயே, நடக்கும் தூரத்தில் நீங்கள் இருந்தால் வேண்டாம். ஒரு நல்ல பிளம்பர், ஒரு எலக்ட்ரீஷியன், தேதி போட்ட படங்கள், பதிந்த ஒப்பந்தம், இது போதும். வருடத்துக்கு 40,000 மிச்சம். என்னைப் போல வெளியூரில், ராத்திரி போனுக்குப் பயப்படும் நிலையில் இருந்தால் கொடுக்கலாம், படித்துவிட்டுக் கொடுங்கள்.

நான் மறுபடி ஒரு வருடம் புதுப்பித்திருக்கிறேன். கீழும் மாடியும் மட்டும், 8க்குப் பதில் 7 சதவீதம். இரண்டு வாடகையும் சேர்த்து இப்போது 33,000. மாதம் 2,725 ரூபாய் 80 காசு. போன வாரம் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, எங்கள் சேவைக்குப் பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்று கேட்டாள். ஆறு என்றேன். மீதி நான்கு எதற்குப் போச்சு மேடம் என்றாள். அவளுக்குச் சொல்ல ஆரம்பித்ததைத்தான் இங்கே முழுசாக எழுதியிருக்கிறேன், அவள் "லைன்ல இருங்க" என்று போனவள் இன்னும் வரவில்லை.